ராமநாதபுரம் கடலோரத்தில் புராஜெக்ட் வேலையா? ஆட்களோடு பழகிக் காரியம் முடிக்க ஒரு வழிகாட்டி

கையில் ஆர்டர் வந்துவிட்டது. புராஜெக்ட் கோஆர்டினேட்டர், அசிஸ்டென்ட் மேனேஜர், களப் பொறுப்பாளர் என்று பதவிக்கு ஏதோ ஒரு பெயர். போஸ்டிங் ராமநாதபுரம் மாவட்டம். வேலை குடிநீர்க் குழாய் பதிப்பதாக இருக்கலாம், படகுத்துறையாக இருக்கலாம், சோலார் பண்ணையாக இருக்கலாம், மகளிர் குழுக்களோடு கடல்பாசி வளர்க்கும் தொண்டு நிறுவனத் திட்டமாகவும் இருக்கலாம். 2018இல் மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்கள் (பின்தங்கிய மாவட்டங்களை மேம்படுத்தும் திட்டம்) பட்டியலில் சேர்ந்த மாவட்டம் இது. திட்டங்களுக்குப் பஞ்சமில்லை.

எக்செலில் ஷெட்யூல் போடுவதை யாரிடமும் கற்றுக்கொள்ளலாம். அந்த ஷெட்யூலில் இருக்கும் வேலையைச் செய்யப்போகிறவர் எந்தக் கிழமை கடலில் இருப்பார், ஊருக்குள் போனால் முதலில் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார வேண்டும், கூலித் தகராறு எந்த இடத்தில் ஆரம்பிக்கும் என்பதையெல்லாம் எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. மண்டபத்துக்கும் தொண்டிக்கும் சாயல்குடிக்கும் இடையே அலைந்து தெரிந்துகொண்டவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

1. சேருவதற்கு முன்பே எழுத்தில் வாங்க வேண்டியவை

ஆஃபர் லெட்டரில் சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் யாருக்குக் கீழே என்பதைக் கேளுங்கள். இங்கே பல வேலைகளில் பணம் ஒருவருடையது, டெண்டர் எடுத்தவர் இன்னொருவர், களத்தில் செய்பவர் சப் கான்ட்ராக்டர். எல்லோரும் உங்களுக்குத்தான் போன் போடுவார்கள்; ஆளுக்கொரு உத்தரவு வரும். யாருடைய சொல் கடைசிச் சொல் என்று ஒரு வரி மெயிலிலாவது வாங்கி வையுங்கள்.

கேட்காமல் எவ்வளவு வரை செலவு செய்யலாம் என்பதும் எழுத்தில் வேண்டும். மோட்டார் பழுது மூவாயிரம் ரூபாய்தான். ஆனால் சென்னையிலிருந்து அப்ரூவல் வர இரண்டு நாள் ஆனால், அந்த இரண்டு நாளும் ஒரு செட் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கூலிக்கு உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

பெட்ரோலை லேசாக நினைக்காதீர்கள். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் ஒரு பக்கம் மட்டும் 55 கிலோமீட்டர். மாதம் பத்துத் தடவை போய்வந்தால் 1,100 கிலோமீட்டர். பைக் லிட்டருக்கு 50 கொடுத்தாலும் 22 லிட்டர். கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய், எந்தத் தேதிக்குள் பில் கொடுக்க வேண்டும், எத்தனை நாளில் பணம் வரும் என்று கேட்டுவிடுங்கள். விபத்துக் காப்பீடு உண்டா என்பதையும் அதோடு சேர்த்துக் கேளுங்கள். “அதெல்லாம் பார்த்துக்கலாம் தம்பி” என்ற பதில் வந்தால், யாரும் பார்க்கப்போவதில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

2. ஷெட்யூலுக்கு முன் ஊரின் காலண்டர்

முதல் வாரத்து வேலை இது. ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டம் போட்டு, ஆட்கள் கிடைக்காத நாட்களை முதலில் அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதுதான் உங்கள் ஷெட்யூல். செலவு என்றால் டீக்கடையில் இரண்டு மூன்று மாலைப்பொழுதும், கூட உட்காரும் பெரியவர்களுக்கு டீயும்தான்.

கடலில் இருந்து ஆரம்பியுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். இந்த இரண்டு மாதமும் ஆள் தாராளமாகக் கிடைக்கும் என்று ஹெட் ஆபீசில் கணக்குப் போடுவார்கள். பாதிதான் சரி. ஆரம்பத்தில் வருவார்கள். படகைக் கரையேற்றிப் பழுது பார்த்துப் பெயின்ட் அடிக்கும் நாட்கள் வந்துவிட்டால் உங்கள் சைட் பக்கம் எட்டிப்பார்க்க மாட்டார்கள். நாட்டுப்படகுக்கு இந்தத் தடை கிடையாது. அவர்கள் அப்போதும் கடலில்தான்.

வாரக் கணக்கு இதைவிட முக்கியம். வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரம் மூன்று நாள்தான் தொழிலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. திங்கட்கிழமை போன படகு செவ்வாய் காலை கரைக்கு வரும். காலையில் மீன் ஏலம், மதியம் தூக்கம், மாலையில் மறுநாளுக்கு ஐஸும் டீசலும் ஏற்றும் வேலை. ஞாயிறு காலை சனிக்கிழமைப் படகு வந்துசேரும், சர்ச்சும் இருக்கும். ஆக, விசைப்படகுக்காரர்களைக் கூட்டி வைத்துப் பேச வியாழன் மாலைதான் தோதான நேரம். அதை விட்டால் வெள்ளி. உங்கள் ஆபீஸ் காலண்டரில் கூட்டம் திங்கட்கிழமை காலை 10 மணிக்கு இருக்கும், பாருங்கள். மாற்றச் சொல்லிவிடுங்கள். தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், கிழமைக் கணக்கு மாறும். அந்தந்த ஊரில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கு நாள்காட்டி நிலவுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தீவுப் பக்கம் போய்விடுவார்கள். விரல்களில் துணி சுற்றி, சேலைக்கு மேலே டி-சர்ட் போட்டு, காலையிலிருந்து முங்கி முங்கிப் பாறையில் இருக்கும் பாசியைப் பிய்த்துவிட்டு வந்தவரிடம் மாலை நாலு மணிக்கு நாலு பக்கக் கேள்வித்தாளை நீட்டினால், எந்தப் பதிலைச் சொன்னால் நீங்கள் சீக்கிரம் எழுந்து போவீர்களோ அந்தப் பதில்தான் வரும். அதை வைத்து ரிப்போர்ட் எழுதி, அந்த ரிப்போர்ட்டை வைத்து அடுத்த வருடத் திட்டம் போடுகிறார்கள். கொடுமை.

கரையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில் மாசி, பங்குனியில் முண்டு மிளகாய்ப் பழம் பறிப்பு. சாயல்குடிப் பக்கம் என்றால் பனை சீசன். அப்போது சித்தாள் வேலைக்குப் பெண்கள் கிடைப்பது கஷ்டம்.

கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், தொண்டி போன்ற ஊர்களில் வெள்ளிக்கிழமை மதியம் 12 முதல் 2 வரை எந்த வேலையும் வைக்காதீர்கள். நோன்பு மாதத்தில் மாலைக் கூட்டம் கூடவே கூடாது. காலை 10 மணி நல்ல நேரம். நோன்பு ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து வரும் என்பதால் போன வருட ஷெட்யூலை அப்படியே காப்பி அடித்தால் இடிக்கும்.

ராமேஸ்வரத் தீவுக்குள் சைட் என்றால் ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை மூன்றையும் சிவப்பில் எழுதுங்கள். பாம்பன் சாலைப் பாலம் ஒன்றுதான் வழி. ஜல்லி லாரி கூட்டத்தில் மாட்டினால் அன்றைய கான்கிரீட் போச்சு. சரக்கை இரண்டு நாள் முன்னாலேயே இறக்கிவிட வேண்டும்.

மழையும் காற்றும் உங்கள் பொறியாளருக்கே தெரியும். ஒன்று மட்டும்: கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தென்கடல் முரண்டு பிடிக்கும், வாடை (வடகிழக்குக் காற்று) காலத்தில் வடகடல். வருடம் முழுக்க இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் வேலை நடக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

3. ஊருக்குள் நுழையும் வரிசை

கலெக்டர் அலுவலகம், பிடிஓ ஆபீஸ், விஏஓ, மீன்வளத்துறை. இவர்களுக்கான கடிதங்கள் வேண்டும். ஒர்க் ஆர்டர் நகலோடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருப்பவை. அங்கே கால் வைக்க வனத்துறை அனுமதி கட்டாயம். “நான் கூட்டிட்டுப் போறேன் சார், ஒண்ணும் ஆகாது” என்று படகுக்காரர் சொன்னாலும் ஏறாதீர்கள். வழக்கு என்று வந்தால் உங்களைவிட அவருக்குத்தான் நஷ்டம், படகு அவருடையது.

ஆனால் முத்திரை வாங்கிய கடிதம் ஊருக்குள் வேலை செய்யாது. ஊர்த் தலைவர், மீனவர் சங்கம், ஜமாஅத், பங்குத்தந்தை, மகளிர் குழுக் கூட்டமைப்பு என்று ஊருக்கு ஊர் கேட்க வேண்டிய இடம் மாறும். யார் யார் என்று விசாரித்துக்கொண்டு, முடிந்தவரை எல்லோரையும் ஒரே நாளில் பாருங்கள். ஒருவரை இன்றும் இன்னொருவரை அடுத்த வாரமும் பார்த்தால், “அவுககிட்ட மொதல்லயே பேசிட்டிய போல” என்ற பேச்சு ஆரம்பித்துவிடும். ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. அப்போது பதவியில் இருந்தவரை விட்டுவிடாதீர்கள். நாற்காலி போனாலும் அவர் ஊரில்தான் இருக்கிறார்.

முதல் சந்திப்பில் திட்டத்தின் பெருமையைப் பேச வேண்டாம். நீங்கள் பேசுவதற்கு முன்பே கேள்வி வரும். மண்டபம் பக்கம் ஒரு வலைக் கொட்டகையில் பெரியவர் ஒருவர் வலை பொத்துவதை நிறுத்தாமலேயே கேட்டார்: “போன தடவையும் இப்படித்தான் ரெண்டு பேரு வந்து படம் புடிச்சுட்டுப் போனாக தம்பி. நீங்க எத்தனை நாளைக்கு இருப்பிய?”

இதற்கு உண்மையான பதில் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். “திட்டம் அடுத்த வருஷம் மார்ச் வரைக்கும்ணே. நான் வாரம் ரெண்டு நாள் வருவேன். நான் வராட்டி இந்த நம்பருக்குப் போடுங்க” என்ற அளவு போதும். உங்கள் ஊரு, தெரு, அப்பா என்ன செய்கிறார் என்றெல்லாம் அடுத்து விசாரிப்பார்கள். முகம் சுளிக்காமல் சொல்லுங்கள். போன திட்டத்தில் பாதியில் நின்றது என்ன என்று நீங்களும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கோபம் உங்கள் தலையில்தான் இறங்கப் போகிறது.

கையில் ஒரே ஒரு பக்கத் தாள் கொண்டுபோங்கள், தமிழில், பெரிய எழுத்தில்: என்ன வேலை, யார் பணம், எப்போது ஆரம்பித்து எப்போது முடியும், ஊருக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது, குறை சொல்ல யாருக்குப் போன் செய்ய வேண்டும். கிடைக்காதது என்ன என்ற வரிதான் மிக முக்கியம். “வீட்டுக்கு ஒருத்தருக்கு வேலை” என்று யாராவது வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டால் அதைத் திருப்பி எடுக்க ஒரு வருடம் ஆகும்.

4. கூலி, பில், பிடித்தம்

இங்கே நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை காசு குறைவு என்பதால் வந்தவை இல்லை. பிடித்தத்தை முன்கூட்டியே சொல்லாததால் வந்தவை.

மேஸ்திரி, சப் கான்ட்ராக்டர் போன்றவர்களுக்கு ஒரே பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலோ, ஒரு நிதியாண்டில் மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டினாலோ டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே கழித்துக்கொள்ளும் வருமான வரி, பிடிக்க வேண்டும். தனிநபருக்கு 1 சதவீதம். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். அறுபதாயிரம் ரூபாய் பில்லில் 600 போக வேண்டிய இடத்தில் 12,000 போய்விடும். சனிக்கிழமை சாயங்காலம், பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்க, மேஸ்திரி போனில் வந்த பேங்க் மெசேஜை நீட்டி, “பன்னெண்டாயிரம் எங்க தம்பி? நான் யாருக்குக் குடுக்காம விடுறது?” என்று கேட்டால் வருமான வரிச் சட்டத்தை விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

அதனால் வேலை ஆரம்பிக்கும் முன்பே பான் கேளுங்கள். இல்லையென்றால் கூட உட்கார்ந்து எடுத்துக்கொடுங்கள். ஆதாரோடு மொபைல் எண் இணைந்திருந்தால் வருமான வரித்துறை இணையதளத்தில் இ-பான் இலவசமாகவே எடுக்கலாம். மொபைல் எண் இணையவில்லை என்பதுதான் வழக்கமான முட்டுக்கட்டை. முதலில் ஆதார் மையத்துக்கு அனுப்புங்கள். அதற்குச் சில நாள் ஆகும், கணக்கில் வையுங்கள்.

அப்புறம் ரொக்கம். ஒரு நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நிறுவனத்தின் வரிக் கணக்கில் அந்தச் செலவை ஏற்கமாட்டார்கள். அக்கவுன்ட்ஸ் பிரிவு உங்கள் வவுச்சரைத் திருப்பி அனுப்பும். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் வேண்டும். ஒரு தாள் ஸ்டாம்ப் வாங்கிப் பையிலேயே வைத்திருங்கள், எல்லாத் தபால் நிலையத்திலும் எப்போதும் இருக்காது.

ரீடென்ஷன், அதாவது வேலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வரை பில்லில் நிறுத்திவைக்கும் தொகை, பிடிப்பார்கள் என்றால் எவ்வளவு, எப்போது திரும்பக் கிடைக்கும் என்று ஒப்பந்தத்தோடு தமிழில் ஒரு குறிப்பு சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். எம்-புக்கில் (முடிந்த வேலையின் அளவுப் புத்தகம்) அளவு எழுதும்போது மேஸ்திரியையும் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லுங்கள். தானே பிடித்த அளவை அவர் பிறகு மறுக்கமாட்டார். பத்து நிமிடம்தான் கூடுதலாகும்.

மேஸ்திரியிடம் மொத்தமாகக் கொடுத்த பணம் சித்தாள் கைக்குப் போனதா என்பதும் உங்கள் கவலைதான். மஸ்டரில் (வருகைப் பதிவேட்டில்) கையெழுத்து மட்டும் பார்க்காதீர்கள். வாரம் ஒரு நாள் டீ நேரத்தில், “அக்கா, போன வாரம் எத்தனை நாள் போட்டாங்க?” என்று பேச்சுவாக்கில் கேளுங்கள். மேஸ்திரி இல்லாத இடத்தில்.

5. வெளியூர் ஆட்கள், பெண்கள்

வடமாநிலத் தொழிலாளர்கள் வந்தால் முதல் நாளே ஆதார் நகல், வீட்டு ஆள் ஒருவரின் போன் நம்பர், ஏற்கனவே உள்ள நோய்கள் ஆகிய விவரங்களை வாங்கிவிடுங்கள். ராத்திரி காய்ச்சல் வந்தால் யார் வண்டி எடுப்பது என்று ஒரு பெயரை முடிவு செய்து கேம்ப் சுவரில் எழுதுங்கள். உள்ளூர் ஆட்களோடு உரசல் பெரும்பாலும் குடிதண்ணீரில்தான் தொடங்கும். கேம்புக்குத் தனியாகத் தண்ணீர் வண்டி பேசிவிடுவது மலிவு.

கட்டுமானத் தொழிலாளர்களை நலவாரியத்தில் பதிவு செய்ய ஆதார், குடும்ப அட்டை, வங்கி பாஸ்புக், போட்டோ எடுத்துவைக்கச் சொல்லுங்கள். தொழிலாளர் துறை அலுவலகம் ராமநாதபுரத்தில் இருக்கிறது, பதிவு ஆன்லைனில்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். ஹெட் ஆபீசில் குழு இருக்கும். சைட்டில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு அது தெரிந்திருக்காது. பெயரும் நம்பரும் தமிழில் ஒட்டுங்கள். கழிப்பறை இல்லாத சைட்டில் பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்ப்பார்கள், உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள். எஸ்டிமேட்டில் கழிப்பறைக்குத் தொகை இல்லையென்றால் முதல் மாதத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

6. கெட்ட செய்தியை அன்றைக்கே அனுப்புங்கள்

மேலே இருப்பவர்களும் மனிதர்கள்தான். தாமதத்தைவிட, தாமதத்தைக் கடைசியில் கேள்விப்படுவதுதான் அவர்களுக்குக் கோபம். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினார்களா, மீன்வளத்துறை கடலுக்குப் போக டோக்கன் தரவில்லையா, ஊரில் துக்கமா, அன்று மாலையே நாலு வரி மெயில். கூடவே தேதி தெரியும் போட்டோ, அறிவிப்பின் நகல், செய்தித்தாள் துணுக்கு. ஆறு மாதம் கழித்துக் கால நீட்டிப்பு கேட்கும்போது இந்த மெயில்கள்தான் ஆதாரம். போனில் சொன்னதை யாரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள், உங்கள் மேலதிகாரி உட்பட. ஊர் ஆட்கள் மேல் பழி போட்டு எழுதாதீர்கள். அந்த மெயில் சுற்றிச் சுற்றி ஒருநாள் ஊருக்கே வந்துசேரும்.

7. சான்றிதழ் எடுப்பதென்றால்

பிஎம்ஐ (புராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட்) அமைப்பின் சான்றிதழ்களைத்தான் பெரும்பாலான கம்பெனிகள் கேட்கின்றன. புதியவர்களுக்கு சிஏபிஎம்: பிளஸ் டூ போதும், 23 மணி நேரப் பயிற்சி வேண்டும். அடுத்தது பிஎம்பி: பட்டதாரிக்கு 36 மாதம், பட்டம் இல்லாதவருக்கு 60 மாதம் திட்டங்களை நடத்திய அனுபவம், அதுவும் சமீப வருடங்களுக்குள், அதோடு 35 மணி நேரப் பயிற்சி. 2021இல் வந்த பிஎம்பி பாடத்திட்டத்தில் 42 சதவீதம் ஆட்களைக் கையாள்வது பற்றித்தான் இருந்தது. கட்டணம் டாலர் கணக்கு, ரூபாயில் ஐந்து இலக்கம். உறுப்பினருக்கு ஒரு விலை, மற்றவர்களுக்கு ஒரு விலை. கட்டுகிற அன்று இணையதளத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். கோர்சுக்குப் பணம் இல்லையென்றால் கோர்செரா என்ற இணையப் பயிற்சித் தளத்தில் கூகுளின் புராஜெக்ட் மேனேஜ்மென்ட் கோர்சுக்கு நிதியுதவி கேட்டு விண்ணப்பிக்கலாம். சிஏபிஎம்முக்கான பயிற்சி மணிநேரத்துக்கு அது செல்லும்.

வழக்கமாக மாட்டுகிற இடங்கள் இரண்டு. ஒன்று, ஆடிட். விண்ணப்பங்களில் சிலவற்றை ஆடிட்டுக்கு எடுப்பார்கள். நீங்கள் எழுதிய அனுபவத்தை அப்போதைய மேலதிகாரி உறுதிசெய்ய வேண்டும். நம் ஊரில் புராஜெக்ட் மேனேஜர் வருடத்துக்கு ஒரு கம்பெனி மாறுவார். ஒவ்வொரு திட்டம் முடியும்போதும் என்ன செய்தீர்கள், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று ஒரு பக்கம் எழுதி, அவரிடம் மெயிலில் ஒப்புதல் வாங்கி, அவருடைய சொந்த மெயில் முகவரியையும் வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று, இனிஷியல். விண்ணப்பத்தில் இருக்கும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். டிகிரியில் எஸ்.முருகன், ஆதாரில் முருகன் எஸ், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து எழுதியது என்று மூன்று விதமாக இருந்தால் தேர்வு மையத்தில் திருப்பி அனுப்பும் ஆபத்து உண்டு. அட்டையில் போட்டோவோடு கையெழுத்தும் இருக்க வேண்டும் என்பதால் பாஸ்போர்ட்தான் நிம்மதி. பாஸ்போர்ட்டை முதலில் எடுத்து, அதில் உள்ளபடியே பிஎம்ஐ கணக்கைத் திறங்கள். விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகு ஒரு வருடத்துக்குள் தேர்வு எழுதலாம். வீட்டிலிருந்தே எழுதலாம் என்றாலும், கரண்ட் போகும் ஊரில் இருந்துகொண்டு அந்த வழி வேண்டாம் என்பது என் கருத்து. பெரிய ஊர் மையம் ஒன்றில் இடம் பிடித்து முதல் நாளே போய்த் தங்குங்கள்.

8. விட்டுப் போகும்போது

திட்டம் முடிந்தோ முடியாமலோ ஒருநாள் மாறிப் போவீர்கள். லேப்டாப்பை ஒப்படைப்பது அரை மணி நேர வேலை. ஆட்களை ஒப்படைக்க இரண்டு வாரம் ஒதுக்குங்கள். புதிதாக வருபவரை ஊர் ஊராக நீங்களே கூட்டிப்போய், “இனிமே இவங்கதான்ணே, எனக்குப் போடுற மாதிரி இவங்களுக்குப் போடுங்க” என்று சொல்லிவிட்டு வாருங்கள். யார் யாருக்கு என்ன பாக்கி, என்ன வாக்கு என்று ஒரு பட்டியல் எழுதுங்கள்: தெருவிளக்குக்கு மனு எழுதித் தருகிறேன் என்று சொன்னது வரைக்கும்.

சைட் அட்வான்ஸ் கணக்கை முடித்து, பாக்கி எதுவும் இல்லை என்ற நோ டியூஸ் சான்று வாங்கிய பிறகே கடைசித் தேதியை உறுதி செய்யுங்கள். எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரில் திட்டத்தின் பெயர், உங்கள் பொறுப்பு, தொடங்கிய தேதி, முடிந்த தேதி நான்கும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். ஆறு மாதம் கழித்துத் திருத்தம் கேட்டால் அந்த ஆபீசில் உங்களைத் தெரிந்தவர் யாரும் இருக்கமாட்டார்கள்.